இறால் இல்லாத இஸ்ஸோ வடை

காஸ் முடிந்து மூன்று நாள்.
"சுடுறதுக்கு அவனும் இல்லையே" என்றேன்.
"எவன்?" என்றாள் ஃபஸ்லூனா,
மாரி பிஸ்கட் பைக்கற்றைக்
கதவிடுக்கில் வைத்து நசித்தபடி.

தெஹிவளை அனெக்ஸின் எட்டடி அறை.
நிலத்தில் பேப்பர், பேப்பரில் பேசின்,
பேசினில் பிஸ்கட் தூள், டின்பால்,
கொஞ்சம் கொக்கோ, கொஞ்சம் கித்துள் பாணி.
உருட்டித் தட்டினால் வடை என்றுதான் நினைத்தோம்.
முதலாவது, வறட்டி.

நிலூஷி கஜுவை நொறுக்கி மேலே அழுத்தினாள்:
பருப்பு வந்தது.
புதினாவைக் கிள்ளிச் செருகினாள்:
கறிவேப்பிலை வந்தது.
எண்ணெய் மினுக்கம்தான் வரவில்லை.
விரலால் பாணியைத் தொட்டுப் பூசினேன்.
வண்டில் விளக்கின் கீழ்
நாலு மணிக்கே பொரித்து அடுக்கியது போல
மினுங்கத் தொடங்கியது பொய்.

இறால்தான் வேலை.
பப்பாளியைத் தேக்கரண்டியால் சுரண்டினால்
தானாக வளைகிறது.
பல்லுக்குச்சியில் பீட்றூட் சாறு தோய்த்து
முதுகில் கோடு, கோடு, இன்னொரு கோடு.
வாலுக்கு ஜம்புத் துண்டு.
கண்ணுக்குக் கறுத்த எள்ளு.
மீசை வேண்டாம் என்றாள் ஃபஸ்லூனா.
மீசை இல்லாத இறாலை யார் நம்புவது?
தேங்காய்ச் சொட்டை நூல் நூலாகச் சீவியதில்
ஒரு மணித்தியாலம் மீசைக்கே போனது.

வீட்டுக்காரம்மாவின் ஃப்ரிட்ஜ் கீழே இருக்கிறது.
அதற்குள் மீனும் இருக்கிறது.
கேட்கவில்லை.
ஐஸ்கட்டி வாங்கி வாளியில் போட்டு
மேலே தட்டை வைத்துக் காவல் இருந்தோம்.
கத்தி புதிது. பேசின் புதிது.
இரண்டு நாளாக மூன்று பேரும் மரக்கறி.

கம்பஸில் முதலாம் வருடம்
என் விரலில் ஒட்டியிருந்த இறால்
யசோதினியின் தண்ணிப்போத்தல் மூடிக்குப் போனது.
அரை மணியில்
அவள் உதடு அவளுடையதாக இல்லை.
ஓட்டோ களுபோவில ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை
என் சட்டையைப் பிடித்த பிடியில்
பொத்தான் ஒன்று தெறித்தது.
அதை நான் இன்னும் தைக்கவில்லை.

அதற்குப் பிறகு காலிமுகத்திடலில்
எங்கள் கைப்பைகளை மடியில் அடுக்கிக்கொண்டு
பட்டம் பார்ப்பது அவள் வேலை,
நாங்கள் தின்று, கை கழுவி, வாய் கொப்பளித்து,
மறுபடி கை கழுவி
வரும்வரை.

இன்றைக்கு அவள் பிறந்தநாள்.
காற்று வரும் பக்கத்து வாங்காகப் பார்த்து
இருத்தினோம்.
கணக்குக் கொப்பித் தாளில் சுற்றியதை
கைப்பைகளுக்கு மேலே வைத்தோம்.
பிரித்தாள்.
பின்னால் நகர்ந்தாள்.
வாங்கு முடியும்வரை நகர்ந்தாள்.

"இனிப்படி" என்றேன். "பப்பாளி, பிஸ்கட்.
சிவப்பு, சோஸ் இல்லை, ஜாம். சத்தியமா."
"எனக்குத் தெரியுது" என்றாள்.
"கைக்குத் தெரியேல்லை."

வெற்றிலை வாங்கப் போன வடைக்காரர்
நின்று குனிந்து பார்த்தார்.
"இது நம்மட இல்லையே,
எந்த வண்டில்ல எடுத்தது?"
முகத்தில் தொழில் சந்தேகம்.
நிலூஷிக்கு அந்த நேரம் வந்த பெருமை
பட்டம் வாங்கிய அன்றும் வரவில்லை.

நான் கடித்தேன். ஃபஸ்லூனா கடித்தாள்.
பிறகு அவள்,
வாலில் தொடங்கி, ஒரு நகக்கண் அளவு.
நிறுத்தினாள்.
தொண்டையைத் தொட்டாள்.
உதட்டைத் தொட்டாள்.
கடல் இரண்டு தரம் வந்து போனது.

பிறகு மீசையையும் விடவில்லை.

"இவ்வளவுதானோ?" என்றாள்,
விரலில் ஜாமை நக்கிக்கொண்டு.
"இதுக்கோ இத்தனை வருசமா லைனில நிண்டனீங்கள்?
உண்மையா இறால் இப்பிடித்தான் இருக்குமோ?"

மூன்று பேரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
தூரத்து வண்டிலில் சட்டி சொரிந்தது.

"இப்பிடியேதான்" என்றேன்.
"இனிப்புத்தான்
கொஞ்சம் குறைய."